மனை 900 ச.மீ., கீழே கடை, மேலே வீடுகள்: எரிசக்தி விதிக்கு வரைபடம் எங்கே இடிக்கும்?

கேள்வி – தளவரைவு

வணக்கம். சென்னையில் 900 ச.மீ. மனையில் ஒரு கலப்புக் கட்டடம் வரைபட நிலையில் இருக்கிறது. தரைத்தளமும் முதல் தளமும் ஷோரூம், அலுவலகம். அதற்கு மேல் நான்கு தளங்களில் 16 வீடுகள், ஒவ்வொன்றும் 75 ச.மீ. கார்பெட் ஏரியா. வணிகப் பகுதிக்கு மட்டும் மின் இணைப்பு 140 கிலோவாட் வரும்.

இப்போதைக்கு வைத்திருப்பது இது: வீடுகளுக்கு 230 மி.மீ. செங்கல் சுவர். வேகமாக முடிக்க அலுமினியம் ஷட்டரிங்கில் 150 மி.மீ. கான்கிரீட் சுவராக மாற்றலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். ஜன்னல் எல்லாம் யூபிவிசி ஸ்லைடிங், 6 மி.மீ. கிளியர் கண்ணாடி. மொட்டை மாடியில் வழக்கமான செங்கல் ஜல்லி சுண்ணாம்பு வெதரிங் கோர்ஸும் தட்டோடும். ஷோரூமின் முகப்பு வடக்கு பார்த்தது, முழுக்கக் கண்ணாடி.

கேட்க வேண்டியவை:
1. இந்தக் கட்டடத்துக்கு எந்த விதி பொருந்தும்? வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்தி விதியான ஈசிபிசி-யா, குடியிருப்புகளுக்கான ஈகோ நிவாஸ் சம்ஹிதாவா?
2. "டபுள் கிளேஸிங் (இரட்டைக் கண்ணாடி) போட்டால் சுவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்" என்று ஒரு ஆலோசனை வந்தது. சரியா?
3. வெதரிங் கோர்ஸ் போதுமா?
4. வடக்கில் வெயில் விழாது என்பதால் அங்கே கிளியர் கண்ணாடி வைக்கலாமா?

பதில் 1 – வெயில்கணக்கு

இரண்டு விதியுமே பொருந்தும், பகுதி பகுதியாக. ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018 முதல் பாகம், 500 ச.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட மனையில் வரும் குடியிருப்புகளுக்கும், கலப்புக் கட்டடங்களின் குடியிருப்புப் பகுதிக்கும் உரியது. வணிகப் பகுதி 100 கிலோவாட் இணைப்புச் சுமை அல்லது 120 கேவிஏ ஒப்பந்தத் தேவையைத் தொட்டால் ஈசிபிசி வந்துவிடும். உங்களுடையது தொட்டுவிட்டது. இரண்டுக்கும் 2024-இல் புதிய பதிப்புகள் வந்திருக்கின்றன. எந்தப் பதிப்பை மாநிலம் அறிவிக்கை செய்து நடைமுறையில் வைத்திருக்கிறது என்பதைத் திட்ட அனுமதி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு கணக்கைத் தொடங்குங்கள். கீழே நான் தரும் எண்கள் ஈகோ நிவாஸ் 2018, ஈசிபிசி 2017 பதிப்புகளுக்கானவை.

வீடுகளுக்கு நான்கு சோதனை: சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம், கூரையின் யூ மதிப்பு (எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்ற எண், குறைந்தால் நல்லது), கண்ணாடி வழியே வரும் வெளிச்சம், திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு. முதல் சோதனைக்குப் பெயர் ஆர்இடிவி. ஒரு ச.மீ. வெளிச்சுவர்ப் பரப்புக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது.

வெப்ப ஈரப்பத மண்டலத்துக்கு, அதாவது சென்னைக்கு, ஆர்இடிவி சூத்திரத்தின் மூன்று கெழுக்கள் (பெருக்கும் எண்கள்): சுவரின் யூ மதிப்புக்கு 5.15, கண்ணாடியின் யூ மதிப்புக்கு 1.31, கண்ணாடி வழியே நேராக நுழையும் வெயிலுக்கு, அதாவது எஸ்ஹெச்ஜிசி-க்கு, 65.21. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இந்த மூன்று எண்ணிலேயே இருக்கிறது. டபுள் கிளேஸிங் முக்கியமாகக் குறைப்பது கண்ணாடியின் யூ மதிப்பை. மூன்றில் மிகச் சிறிய கெழு அதற்குத்தான்.

போட்டுப் பார்ப்போம். வெளிச்சுவரில் ஜன்னல் 15 சதவீதம், கிளியர் கண்ணாடிக்கு யூ 5.8, எஸ்ஹெச்ஜிசி 0.8, திசைக் காரணி (ஜன்னல் பார்க்கும் திசையைப் பொறுத்த பெருக்கல் எண்) 1 என்று வையுங்கள்.

150 மி.மீ. கான்கிரீட் சுவர், யூ 3.77: சுவர் மட்டுமே 0.85 × 3.77 × 5.15 = 16.5. ஜன்னலைச் சேர்க்கும் முன்பே வரம்பு போய்விட்டது. கண்ணாடியின் 1.1, வெயிலின் 7.8 இரண்டையும் கூட்டினால் 25.5.

230 மி.மீ. செங்கல், இருபுறமும் பூச்சு, யூ சுமார் 2.0: 8.8 + 1.1 + 7.8 = 17.7. இதுவும் தோல்விதான்.

200 மி.மீ. ஏஏசி (காற்றுக்குமிழி கான்கிரீட்) பிளாக், இருபுறமும் 15 மி.மீ. பூச்சு, யூ 0.77: 3.4 + 1.1 + 7.8 = 12.3. தேறுகிறது.

கான்கிரீட் சுவரை அப்படியே விட்டுக் கண்ணாடியை மட்டும் கிளியர் டபுள் கிளேஸிங்காக, யூ 2.8, எஸ்ஹெச்ஜிசி 0.7 என்று மாற்றினால் மொத்தத்தில் ஏறத்தாழ 1.6 குறையும். 25.5 போய் 23.9. அந்தப் பணத்தைச் சுவரில் போடுங்கள்.

கான்கிரீட் சுவர்தான் என்று முடிவானால் வெளிப்புறத்தில் 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை (நுரை வெப்பக் காப்பு) ஒட்டி, வலை பதித்துப் பூச வேண்டும். யூ 1.02-க்கு இறங்கும், ஆர்இடிவி 13.4 வரும். உட்புறத்தில் ஒட்டினால் ஒவ்வொரு தளத்திலும் ஸ்லாப் விளிம்பு காப்பில்லாமல் வெளியே நிற்கும். அந்தப் பட்டை வழியே வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், அலமாரிக்கு ஆணி அடிக்கும் ஒவ்வொருவரும் காப்பைத் துளைப்பார்கள். வெளிப்புறம்தான் சரி.

இனி கூரை. யூ 1.2-க்கு மேல் கூடாது. 150 மி.மீ. ஸ்லாப் மட்டும் 3.3. அதன் மேல் 75 மி.மீ. செங்கல் ஜல்லியும் தட்டோடும் வந்தால் 2.3 அளவுக்குத்தான் இறங்கும். ஆக, வெதரிங் கோர்ஸ் மட்டும் போதாது. அது தண்ணீரை வடிக்கும் அடுக்கு, வெப்பக் காப்பில் அதன் பங்கு சிறியது. வெள்ளைப் பெயிண்டும் யூ மதிப்பைக் குறைக்காது. பெயிண்ட் வெயிலைத் திருப்பி அனுப்பும், நல்லதுதான், ஆனால் இந்தச் சோதனையில் அது கணக்கில் ஏறாது. ஸ்லாப் மீது 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் போட்டால் வெதரிங் கோர்ஸைச் சேர்க்காமலே 0.98 வந்துவிடும்.

அடுக்கு வரிசை முக்கியம்: ஸ்லாப், வாட்டர்ப்ரூஃபிங், தண்ணீர் தேக்கிக் குறைந்தது 48 மணி நேரச் சோதனை, அதன் பிறகே எக்ஸ்பிஎஸ், மேலே ஜியோடெக்ஸ்டைல் துணி, கோழிவலை பதித்த 50 மி.மீ. ஸ்கிரீட், கடைசியில் வெளிர்நிற ஓடு. தேக்கிச் சோதிக்காமல் பலகையைப் பரப்பிவிட்டால், பின்னால் கசிவு வரும்போது அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்றே கண்டுபிடிக்க முடியாது. பலகைக்கு அடியில் தண்ணீர் நகர்ந்து வேறெங்கோ சொட்டும். கைப்பிடிச் சுவரின் அடிவரை பலகை போய் முட்ட வேண்டும். பெரும்பாலான தளங்களில் அந்தக் கடைசி 30 செ.மீ. இடத்தைக் கலவை போட்டு நிரப்பிவிடுகிறார்கள்.

ஸ்லாபுக்கு அடியில் காப்பு ஒட்டுவதும் கணக்கில் தேறும். ஆனால் ஸ்லாப் வெயிலில் முழுக்கச் சூடாகி விரிந்து சுருங்கும். சுவர் சேரும் இடத்தில் விரிசல் விடுவது அதனால்தான்.

பதில் 2 – சட்டமும்கண்ணாடியும்

மேலே உள்ள பதிலோடு உடன்படுகிறேன். ஆனால் உங்கள் வரைபடம் முதலில் இடிக்கப்போவது ஆர்இடிவி-யில் அல்ல, திறக்கும் ஜன்னல் பரப்பில். வெப்ப ஈரப்பத மண்டலத்தில் திறக்கக்கூடிய பரப்பு கார்பெட் ஏரியாவில் 16.66 சதவீதம் இருக்க வேண்டும். மண்டலங்களிலேயே அதிகம் இதுதான். ஈரக்காற்றில் உடம்பு குளிர்வதற்குக் காற்றோட்டம் தவிர வேறு வழி குறைவு என்பதால் வந்த எண். 75 ச.மீ. வீட்டுக்கு 12.5 ச.மீ. தேவை.

ஸ்லைடிங்கில் என்ன கிடைக்கும்? இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னலுக்குத் திறப்பில் 50 சதவீதம், மூன்று கதவுக்கு 67, கீல் வைத்துத் திறக்கும் கேஸ்மென்டுக்கு 90. சாதாரணமான இரு படுக்கையறை அளவுகளை வைத்துப் பார்க்கலாம்:

பால்கனிக் கதவு 2.4 × 2.1 = 5.04
அறை ஜன்னல் மூன்று, தலா 1.5 × 1.2 = 5.4
சமையலறை 1.2 × 1.0 = 1.2
கழிப்பறை வென்டிலேட்டர் இரண்டு, தலா 0.6 × 0.6 = 0.72

மொத்தத் திறப்பு 12.36 ச.மீ. வென்டிலேட்டர் தவிர எல்லாம் ஸ்லைடிங் என்றால் கணக்கில் வருவது 6.5 தான், அதாவது 8.6 சதவீதம். தேவையில் பாதி. அத்தனையையும் கேஸ்மென்ட் ஆக்கினாலும் 11.1, அதாவது 14.8 சதவீதம். அறை ஜன்னல்களை 1.8 × 1.35 ஆக்கிய பிறகே 12.8 ச.மீ. வந்து 17.1 சதவீதத்தில் தேறும்.

பொது நடைபாதைக்குத் திறக்கும் வாசல் கதவை இதில் சேர்க்கக் கூடாது. வெளிக்காற்றுக்கு நேராகத் திறக்கும் பால்கனிக் கதவு, யூட்டிலிட்டிக் கதவு சேரும். யூட்டிலிட்டிக் கதவு ஒன்று வைத்தால் ஜன்னலை அவ்வளவு பெரிதாக்க வேண்டியிராது.

இன்னொரு இடம், இதில் ஏமாறுபவர்கள் அதிகம். "மூன்று டிராக் ஸ்லைடிங் போட்டிருக்கிறோம், 67 சதவீதம்" என்று எழுதுவார்கள். மூன்றாவது டிராக்கில் ஓடுவது கொசுவலை. கண்ணாடிக் கதவு இரண்டுதான், ஆகவே 50 சதவீதம்தான். ஜன்னல் அட்டவணையில் ஒவ்வொரு டிராக்கிலும் எது ஓடுகிறது என்று எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

கேஸ்மென்டுக்கு மாறும்போது கிரில்லையும் வலையையும் அப்போதே தீர்மானியுங்கள். வெளியே திறக்கும் கதவு, நடுவில் கிரில், உள்ளே வலை என்று வைத்தால் வலையைத் திறந்து கிரில்லுக்குள் கைவிட்டுக் கதவைத் தள்ள வேண்டும். குடிவந்தவர்கள் நிரந்தரமாக மூடியே வைப்பார்கள். விதியின் நோக்கம் அங்கே செத்துவிடும். உள்பக்கம் சுருட்டி ஏறும் வலை, கைப்பிடிக்கு நேரே கை நுழையும் இடைவெளி விட்ட கிரில், இந்தச் சேர்க்கை வேலை செய்யும். சன்ஷேடை லிண்டலுக்கு ஒட்டியே வையுங்கள். கதவின் மேல்விளிம்பு அதில் இடிக்காதபடி 20–25 மி.மீ. விட்டால் போதும்.

தளவரைவு

மிக்க நன்றி, இருவருக்கும். ஏஏசி பிளாக்குக்கு மாறிவிடலாம் என்று நினைக்கிறேன். ஆர்இடிவி 12.3 வருவதால் ஜன்னலைப் பெரிதாக்கினாலும் இடம் இருக்கிறது அல்லவா? சன்ஷேட் இல்லாமல் முகப்பை நேராக விட்டுவிடலாமா?

பதில் 3 – வெயில்கணக்கு

வேண்டாம். அந்த 12.3 முழுச் சுவரும் ஏஏசி என்று வைத்த எண். உங்கள் கட்டடம் தூணும் பீமும் உள்ள சட்டகம். வெளிமுகத்தில் ஐந்தில் ஒரு பங்கு கான்கிரீட் என்று கொண்டால், அந்தப் பகுதியின் யூ 2.95. பரப்பு விகிதப்படி சராசரி எடுங்கள்: 0.8 × 0.77 + 0.2 × 2.95 = 1.21. சுவரின் உண்மையான யூ மதிப்பு இதுதான். ஜன்னல் 15 சதவீதத்திலேயே ஆர்இடிவி 14.3-க்கு ஏறிவிட்டது.

இப்போது திறப்புப் பரப்புக்காக ஜன்னல் 20 சதவீதமாகிறது என்று வையுங்கள். சுவர் 5.0, கண்ணாடி 1.5, வெயில் 10.4. மொத்தம் 16.9. தோல்வி. அதே கட்டடத்துக்கு நிழல் கொடுத்துக் கண்ணாடியின் சமான எஸ்ஹெச்ஜிசி-யை 0.5-க்குக் கொண்டுவந்தால் வெயில் பங்கு 6.5 ஆகிறது. மொத்தம் 13.0. இந்தக் காலநிலையில் காற்றுக்காக ஜன்னல் பெரிதாகியே தீரும், ஆகவே நிழல் கட்டாயமாகிறது. இரண்டு சோதனைகளையும் தனித்தனியாகத் தேற்றப் பார்ப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நிழலின் அளவு என்பது சன்ஷேட் நீட்டத்தை, ஜன்னல் அடிவிளிம்பிலிருந்து சன்ஷேடின் அடிப்பகுதி வரையான உயரத்தால் வகுத்து வருவது. 1.35 மீ. ஜன்னலுக்கு 600 மி.மீ. சன்ஷேட் என்றால் 0.44. இதற்கான நிழல் காரணியை விதியின் அட்டவணையில் திசைவாரியாக எடுக்க வேண்டும். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் தாழ்வாக வருவதால் மேலே மட்டும் நீட்டினால் போதாது. இருபக்கமும் செங்குத்துத் தடுப்பு வைத்துப் பெட்டிபோல் கட்டுங்கள். திசைக் காரணியும் அதையேதான் சொல்கிறது. 23.5 பாகை அட்சத்துக்குத் தெற்கே உள்ள ஊர்களுக்கு கிழக்கு 1.155, மேற்கு 1.156, தெற்கு 0.966, வடக்கு 0.659. பெரிய ஜன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் நகர்த்த முடிந்தால் செலவே இல்லாமல் எண் இறங்கும்.

ஏஏசி-யை 2–3 மி.மீ. ஒட்டுப்பசையில் கட்டுங்கள். 12 மி.மீ. சிமென்ட் கலவையில் கட்டினால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வெப்பப் பாதை உருவாகிறது, கணக்கில் காட்டிய 0.77 தளத்தில் இருக்காது.

வெளிச்சச் சோதனை உங்களுக்குப் பிரச்சினையில்லை. ஜன்னல் 30 சதவீதத்துக்குள் இருந்தால் விஎல்டி, அதாவது கண்ணாடி உள்ளே விடும் வெளிச்சம், 27 சதவீதம் இருந்தால் போதும், கிளியர் கண்ணாடி எளிதாகத் தாண்டும்.

பதில் 4 – குளிர்பதனம்

வணிகப் பகுதிக்கு வருகிறேன். வடக்கு பார்த்த கண்ணாடியில் வெயில் விழாது என்பது வடநாட்டுக்கு ஓரளவு பொருந்தும். சென்னை 13 பாகை அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயிலே வடக்குப் பக்கம்தான் சாய்ந்திருக்கும், காலையும் மாலையும் இன்னும் அதிகமாக. ஈசிபிசி 2017-உம் இதைக் கணக்கில் எடுத்திருக்கிறது: 15 பாகையும் அதற்கு மேலும் உள்ள ஊர்களுக்கு வடக்குக் கண்ணாடியின் எஸ்ஹெச்ஜிசி 0.50 வரை போகலாம், 15-க்குக் கீழே 0.27 தான். தமிழ்நாடு முழுவதும் 15-க்குக் கீழே. நான்கு திசைக்கும் ஒரே வரம்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி வெளிச்சுவரில் 40 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இது மொத்த வெளிச்சுவருக்கான கணக்கு, ஒரு முகப்புக்கு மட்டுமல்ல. அதனால் வடக்கை முழுக்கக் கண்ணாடியாக்கி மற்ற பக்கங்களை மூடினால் தேற வாய்ப்புண்டு. தாண்டினால் முழுக் கட்டடத்தையும் மென்பொருளில் ஓட்டிக் காட்டும் வழிக்குப் போக வேண்டும்.

கண்ணாடி வாங்கும்போது மூன்று எண்ணும் ஒன்றாகத் தேற வேண்டும்: எஸ்ஹெச்ஜிசி 0.27-க்குள், விஎல்டி 0.27-க்குக் குறையாமல், யூ 3.0-க்குள். வெப்பத்தை மட்டும் பார்த்துக் கருங்கண்ணாடி வாங்கினால் விஎல்டி 0.15-இல் நின்று தோற்கும். வெப்பக் கதிரைத் திருப்பும் நல்ல லோ-ஈ பூச்சுள்ள டபுள் கிளேஸிங்தான் மூன்றையும் தாண்டும். வீடுகளுக்குத் தேவைப்படாதது இங்கே தேவை.

யூ மதிப்பு ஜன்னல் சட்டத்தோடு (ஃபிரேம்) சேர்த்துத்தான் கணக்கு. விளம்பரத் தாளில் இருக்கும் 1.8 என்பது கண்ணாடியின் நடுப்பகுதிக்கானது. வெப்பத் தடுப்பு இல்லாத அலுமினியச் சட்டம் 7 அளவில் இருக்கும். சட்டம் 20 சதவீதம் என்றால் 0.8 × 1.8 + 0.2 × 7 = 2.84. கண்ணாடி ஓரத்தின் இழப்பைச் சேர்க்கும் முன்பே விளிம்பில் நிற்கிறது. சிறிய ஜன்னல்களில் சட்டம் 25 சதவீதமாகும், 3.1, தோல்வி. சிறிய திறப்புகளுக்கு மட்டுமாவது தெர்மல் பிரேக் (நடுவே வெப்பத் தடுப்பு) உள்ள சட்டம் எழுதுங்கள்.

சுவர் வரம்பு வணிகத்துக்கு 0.40. அலுவலக வகைக் கட்டடம் 10,000 ச.மீ.-க்குக் குறைவாக இருந்தால் 0.63. உங்கள் கீழ்த்தளங்கள் எந்த வகைப்பாட்டில் விழுகின்றன என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். 200 மி.மீ. ஏஏசி-யின் 0.77 இரண்டுக்கும் போதாது. 300 மி.மீ. ஏஏசி 0.54 தரும், 0.63-க்குத் தேறும். 0.40-க்கு 200 மி.மீ. ஏஏசி-யோடு 50 மி.மீ. காப்பு வேண்டும். தூண், பீம் கணக்கு இங்கேயும் உண்டு, காப்பு அவற்றின் மேலும் தொடர்ந்து போக வேண்டும்.

ஷோரூமின் மேல் வீடு இருக்கும் இடம் கூரையாகாது. ஆனால் முதல் தளம் வீடுகளைத் தாண்டி வெளியே நீண்டிருந்தால் அந்தத் திறந்த பகுதி வணிகக் கூரைதான். வரம்பு 0.33. 150 மி.மீ. ஸ்லாப் மேல் 100 மி.மீ. எக்ஸ்பிஎஸ் போட்டால் 0.32. ஐம்பது ஐம்பதாக இரண்டு அடுக்கு, மூட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வராமல். அந்த 100 மி.மீ.-யை ஸ்லாப் மட்டத்திலேயே இறக்கிவைக்காவிட்டால் வெளிக்கதவின் படி உயரம் தப்பிப்போகும். சோலார் பலகையோ இயந்திரங்களோ இல்லாத கூரைப் பரப்புக்குத் தொடக்க நிலைச் சூரியப் பிரதிபலிப்பு 0.60, உமிழ்வு 0.90 உள்ள மேற்பூச்சும் வேண்டும், அல்லது பசுங்கூரை.

விளக்குகளில் அலுவலகத்துக்கு ச.மீ.-க்கு 9.5 வாட் வரம்பு. எல்இடி-யில் சிரமமே இல்லை.

ஏசி அளவை இந்த வெளிமேனி (சுவர், கண்ணாடி, கூரை) முடிவான பிறகு கணக்கிடச் சொல்லுங்கள். பழைய சதுர அடி வாய்ப்பாட்டில் டன் போட்டால் இயந்திரம் பெரிதாகி, சிறிது நேரமே ஓடி நின்று நின்று போகும். வெப்பம் இறங்கும், ஈரம் இறங்காது.

பதில் 5 – சட்டமும்கண்ணாடியும்

ஆவணங்கள் பற்றி ஒரு வார்த்தை. வரைபடத்தில் தேறி, தளத்தில் தோற்பது பெரும்பாலும் "அதற்குச் சமமானது" என்று மாற்றி வாங்கும் பொருளால்தான். கொள்முதல் ஆணையில் பிராண்டை மட்டும் எழுதாமல் எண்ணை எழுதுங்கள்: கண்ணாடிக்கு எஸ்ஹெச்ஜிசி, விஎல்டி, சட்டத்தோடு சேர்ந்த யூ. காப்புப் பலகைக்குக் கனமும் வெப்பக் கடத்தல் எண்ணும். மேலே உள்ள கணக்கெல்லாம் 0.035 வைத்துப் போட்டது. பிளாக்குக்கு 0.184. ஆய்வக அறிக்கையில் இதைவிட அதிக எண் வந்தால் கனத்தைக் கூட்ட வேண்டும்.

மூடப்படும் அடுக்குகளை மூடும் முன் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், குறிப்பாகக் கூரையின் எக்ஸ்பிஎஸ், கைப்பிடிச் சுவர் ஓரம், பீம் மேல் வரும் காப்பு. டபுள் கிளேஸிங்கில் பூச்சு எந்த முகத்தில் இருக்கிறது என்று வந்து இறங்கும்போதே பாருங்கள். வெளியிலிருந்து எண்ணினால் இரண்டாவது முகத்தில் இருக்க வேண்டும். இருட்டில் கண்ணாடி முன் டார்ச்சைப் பிடித்தால் நான்கு பிம்பம் தெரியும், நிறம் மாறித் தெரியும் பிம்பம்தான் பூச்சுள்ள முகம். திருப்பி மாட்டியிருந்தால் எஸ்ஹெச்ஜிசி ஏறிவிடும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஒட்டுச்சீட்டைக் கிழிக்கும் முன் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். சீட்டு போன பிறகு எந்தச் சான்றிதழ் எந்தக் கண்ணாடிக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.